உறையாத இரத்தம்: பேராசிரியர் கார்ல் பால் லிங்க் வாழ்க்கை வரலாறு

நமது குடியிருப்பில் பனிக்காலம் பிறந்துவிட்டால் காய்கறித் தள்ளுவண்டி முழுவதும் பச்சைப்பசேலென்று ஆகிவிடும். பாலக்கும், வெந்தயக்கீரையும், கடுகுக்கீரையும் மலிவாகக் குவியும் நாட்கள் அவை. ஊரில் முளைக்கீரைக்கும் முருங்கைக்கீரைக்கும் பழகிய நாம், இங்கு வந்து சேர்ந்த சில ஆண்டுகளில் இவற்றுக்கும் பழகி, மசியலாகவும் கூட்டாகவும் சமைத்து உண்டு வருகிறோம். ஆயினும் நம்மிடையே சில இல்லங்களில், கீரைக்கட்டைக் கையிலெடுக்குமுன் இல்லத்தரசி ஒரு கணம் தயங்குகிறார். அவ்வீட்டில் இருதய வால்வு மாற்றிக்கொண்ட ஒருவரோ, காலின் நாளத்தில் இரத்தம் கட்டிக்கொண்டு மருத்துவமனையில் கிடந்து மீண்ட ஒருவரோ இருப்பார். அவர் நாள்தோறும் மாலையில் விழுங்கும் ஒரு சிறு மாத்திரைக்கும் அந்தக் கீரைக்கும் நெடுநாளைய வழக்கு ஒன்று உண்டு. மாதந்தோறும் இரத்தம் எடுத்துப் பார்த்து, எண் ஏறிற்றா இறங்கிற்றா என்று குறிப்பேட்டில் எழுதி வைக்கும் இல்லங்கள் நமது சங்க உறுப்பினரிடையே ஒன்றிரண்டல்ல. அம்மாத்திரை எங்கிருந்து வந்தது, அதற்கும் கீரைக்கும் என்ன வழக்கு என்று அவர்களுட் சிலர் நம்மைக் கேட்டதுண்டு. அதற்கு விடை கூறப் புகுந்தால், அது ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாறாகவே விரிகின்றது. ஆகவே இவ்வாண்டு மலருக்கு அவ்வரலாற்றையே எழுதத் துணிந்தோம்.

கார்ல் பால் லிங்க் 1901-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 31-ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் இந்தியானா மாநிலத்தில், லா போர்ட் என்னும் ஊரில் பிறந்தார். ஜெர்மானிய வழியினரான தந்தையார் லூத்தரன் திருச்சபையின் போதகர். பத்து மக்கள் பிறந்த பெருங்குடும்பம் அது. போதகரின் வருவாயில் பத்துப் பேர் வளர்ந்த வீட்டில் செல்வம் எத்துணை இருந்திருக்கும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இளைஞர் லிங்க் விஸ்கான்ஸின் மாநிலத்துத் தலைநகரான மாடிஸனில் உள்ள பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, வேளாண்மை இரசாயனம் பயின்று, 1925-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பின்னர் உதவித்தொகை ஒன்று பெற்று ஐரோப்பா சென்றார். ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் சர்க்கரைப் பொருள்களின் இரசாயனத்தில் வல்லவரான ஜேம்ஸ் இர்வினிடம் சிறிது காலம் பணியாற்றினார். அடுத்து ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஃபிரிட்ஸ் பிரெகலிடம் சென்றார். பிரெகல் 1923-இல் நோபல் பரிசு பெற்றவர். ஒரு பொருளில் என்னென்ன மூலகங்கள் எவ்வளவு உள்ளன என்பதைச் சில மில்லிகிராம் அளவு மட்டுமே கொண்டு கண்டுபிடிக்கும் முறையை வகுத்தவர் அவர். இளமையில் கற்ற இந்த நுண்ணளவைக் கலையே பின்னாளில் லிங்க்கின் ஆய்வுக்கூடத்திற்குப் பெருந்துணையாயிற்று என்பது நமது கருத்து. அதன்பின் ஜூரிக் நகரில் பால் காரரிடமும் பயின்றார். இவ்வைரோப்பிய வாசத்திலேதான் காசநோய் அவரைப் பற்றியது. ஸ்விட்ஸர்லாந்தின் டாவோஸ் மலைவாசத்தில் தங்கி உடல் தேறவேண்டியதாயிற்று. அந்நோய் அவரை அத்துடன் விட்டுவிடவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

1927-இல் மாடிஸனுக்கே மீண்டு, உயிர் இரசாயனத் துறையில் ஆசிரியரானார். 1930-இல் எலிஸபெத் ஃபெல்ட்மன் என்னும் மங்கையை மணந்தார். மூன்று புதல்வர் பிறந்தனர். தொடக்கத்தில் அவர் செய்த ஆராய்ச்சிகளுள் ஒன்று நம் சமையலறைக்கும் உறவுடையது. சிவந்த தோலும் மஞ்சள் தோலும் உடைய வெங்காயத்தை ஒருவகைப் பூஞ்சணம் அண்டுவதில்லை. வெள்ளை வெங்காயத்தையோ எளிதில் அழிக்கிறது. நிறமுள்ள வெங்காயத்தின் காய்ந்த வெளித்தோலில் உள்ள ஒருவகை அமிலமே அந்தக் காவலன் என்று லிங்க்கும் அவர்தம் தோழர்களும் நிறுவினர். தாவரம், பூஞ்சணம், இரசாயனம் என்னும் மூன்றும் கலந்த இத்தகைய கேள்விகளிலேயே அவர் மனம் ஈடுபட்டிருந்தது. அவர் புகழ் பெறப்போகும் கேள்வியும் அம்மூன்றும் கலந்ததே.

அக்கேள்வியின் பின்னணியைச் சற்றுக் கூறுதல் வேண்டும். வட அமெரிக்காவின் புல்வெளி மாநிலங்களில் ஸ்வீட் குளோவர் என்னும் பயிரை மாட்டுத் தீவனத்திற்காக உழவர்கள் பயிரிட்டு வந்தனர். வளமற்ற நிலத்திலும் விளையும், வறட்சியையும் தாங்கும். அறுத்த பின் அதினின்று எழும் மணம் இனியது. அம்மணத்திற்குக் காரணமான பொருள் கூமரின் என்பது. மணம் இனிதாயினும் சுவை சற்றுக் கசப்பு. இந்த வைக்கோல் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்துவிட்டால், அதை உண்ட மாடுகள் சில வாரங்களில் இரத்தப்போக்கினால் இறந்துபோயின. கொம்பு தீய்த்த புண்ணிலிருந்தோ, காயடித்த இடத்திலிருந்தோ இரத்தம் வழிந்துகொண்டேயிருக்கும். காயமே இல்லாத மாட்டின் தோலுக்கடியிலும் இரத்தம் கசிந்து வீங்கும். 1920-களின் தொடக்கத்தில் கனடாவில் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் என்னும் கால்நடை மருத்துவர், இது தொற்றுநோயன்று, கெட்டுப்போன வைக்கோலால் வருவதே என்று காட்டினார். நல்ல தண்டுகளை ஒரு முயலுக்கும், பூஞ்சணம் பிடித்த தண்டுகளை வேறொரு முயலுக்கும் கொடுத்துப் பார்த்தார். பின்னது இரத்தம் கசிந்து இறந்தது. இந்த ஸ்கோஃபீல்டு அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் கொரியாவில் இருந்தவர். 1919-இல் அந்நாட்டு மக்கள் விடுதலை வேண்டி எழுந்தபோது ஆட்சியாளர் இழைத்த கொடுமைகளைப் படம்பிடித்து உலகுக்குக் காட்டியவர். 1970-இல் காலமானபோது கொரியர்கள் அவரைச் சியோல் நகரில் தங்கள் தேசிய மயானத்திலேயே அடக்கம் செய்தனர். ஒரு மனிதர் இரண்டு வரலாறுகளில் இடம்பெறுவது அரிது என்பதால் இதைச் சொல்லிச் செல்கிறோம்.

வடக்கு டகோட்டாவில் லீ ராடரிக் என்பவர் இன்னும் ஒரு படி முன்னேறினார். நோயுற்ற மாட்டின் இரத்தத்தில், உறைதலுக்கு வேண்டிய புரோத்ராம்பின் என்னும் பொருள் குறைந்துபோயிருப்பதை 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டார். ஆனால் வைக்கோலில் எந்தப் பொருள் அதைக் குறைக்கிறது என்பது விளங்கவில்லை.

1933-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு சனிக்கிழமை, விஸ்கான்ஸினில் பனிப்புயல் வீசிக்கொண்டிருந்தது. டீர் பார்க் என்னும் ஊரின் பக்கத்து உழவர் ஒருவர், ஏறக்குறைய 190 மைல் தொலைவைத் தமது வண்டியில் கடந்து மாடிஸன் வந்து சேர்ந்தார். வண்டியில் இறந்த கிடாரி ஒன்று. அவரிடம் எஞ்சியிருந்த ஸ்வீட் குளோவர் வைக்கோலில் சுமார் 100 இராத்தல். ஒரு பால் கேன் நிறைய இரத்தம். அந்த இரத்தம் உறையவேயில்லை. அரசாங்கக் கால்நடை மருத்துவரைக் காண வந்தவர் அவர். சனிக்கிழமையாதலால் அலுவலகம் பூட்டியிருந்தது. திறந்திருந்த கதவு ஒன்று தென்படவே அதனுள் நுழைந்தார். அது உயிர் இரசாயனத் துறையின் கட்டிடம். உள்ளே இருந்தவர் லிங்க்.

பொருளாதார மந்தத்தால் உலகமே தவித்த காலம் அது. அவ்வுழவரிடம் வேறு தீவனம் இல்லை; வாங்கப் பணமும் இல்லை. லிங்க்கால் அவருக்குக் கூற முடிந்தது இவ்வளவே: இந்த வைக்கோலைக் கொடுப்பதை நிறுத்துக, இயலுமாயின் நோயுற்ற மாடுகளுக்கு நல்ல மாட்டின் இரத்தம் ஏற்றுக. இரண்டும் அவரால் இயலாதவை. வந்த வழியே பனியில் திரும்பிச் சென்றார். அவர் மாடுகள் பிழைத்தனவா என்பதை வரலாறு கூறவில்லை. பின்னாளில் எத்தனையோ பரிசுகளும் பட்டங்களும் லிங்க்கை நாடி வந்தன. ஆயினும் தம் கண்டுபிடிப்பின் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் அந்த உழவரிடமிருந்தே தொடங்கினார்.

உழவர் சென்றபின் ஆய்வுக்கூடத்தில் எஞ்சியது வைக்கோலும் பால் கேனும். லிங்க்கின் மாணவரான ஷோஃபெல் உணர்ச்சி மிக்கவர். அவ்விரத்தத்தில் மீண்டும் மீண்டும் கையை நனைத்துப் பார்த்து, அவ்வேழை உழவரின் நிலையை எண்ணிக் கொதித்தார். அன்றே இருவரும் பணியைத் தொடங்கிவிட்டனர். வியப்பு என்னவெனில், அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அதே பல்கலைக்கழகத்துப் பயிர்ப் பிறப்பியல் அறிஞர்கள், கசப்புக் குறைந்த ஸ்வீட் குளோவரை உண்டாக்கும் முயற்சியில் லிங்க்கின் உதவியை நாடியிருந்தனர். கசப்புக்குக் காரணமான கூமரினே அவர்கள் கேள்வி. ஆகவே அப்பொருள் லிங்க்கின் மேசைமீது முன்பே இருந்தது. அதற்கும் இந்தக் கேனுக்கும் உள்ள உறவை அறிய அவருக்கு ஏழாண்டு பிடித்தது.

ஏன் இவ்வளவு காலம் என்று கேட்கலாம். வைக்கோலைச் சாறெடுத்து, பல பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் நஞ்சு உள்ளது என்று பார்ப்பதுதானே வேலை? இடர்ப்பாடு அங்கேதான் இருந்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள்கள் சில அதற்கு முன்பே அறியப்பட்டவை. சிட்ரேட் உப்பு இரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியமின்றி இரத்தம் உறையாது. 1916-இல் ஜே மக்லீன் என்னும் மருத்துவ மாணவரின் ஆய்விலிருந்து தோன்றிய ஹெபாரின், உறைதலை நடத்தும் பொருள்களையே முடக்கிவிடும். இவ்விரண்டையும் சோதனைக் குழாயிலுள்ள இரத்தத்தில் இட்டால் விளைவு உடனே தெரியும். கெட்ட வைக்கோலின் நஞ்சோ அத்தகையதன்று. அதைக் குழாயிலிட்டால் இரத்தம் வழக்கம்போலவே உறைந்துவிடும். உயிருள்ள பிராணியின் வயிற்றுக்குள் சென்று, ஓரிரு நாட்கள் கழிந்த பின்னரே அது தன் வேலையைக் காட்டும். ஆகவே ஒவ்வொரு பகுதியையும் முயலுக்கு ஊட்டி, காத்திருந்து, இரத்தமெடுத்து, உறையும் நேரத்தை அளக்கவேண்டும். முயலுக்கு முயல் வேறுபாடு உண்டு. ஒரே முயல்கூட இன்று ஒருவிதமாகவும் நாளை வேறுவிதமாகவும் இருக்கும். அளவுகோலே ஆடிக்கொண்டிருந்தால் எதை அளப்பது?

நமது எண்ணத்தில் லிங்க்கின் பெருமை அவர் கண்டெடுத்த பொருளைவிட, அந்த அளவுகோலை நேராக்க அவர் பட்ட பாட்டிலேயே மிகுதியும் உள்ளது. எத்தனையோ ஆய்வாளர் இவ்விடத்தில் சலித்து வேறு வேலைக்குச் சென்றிருப்பர். ஷோஃபெலுக்குப் பின் ராபர்ட்ஸ், ஸ்மித், காம்ப்பெல் என்று மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக இதையே செய்தனர். நஞ்சுக்கு ஒரே சீராக விளைவு காட்டும் முயல்களைத் தேர்ந்து வளர்த்தனர். இரத்தத்தின் நீர்ப்பகுதியை நீர்க்கச் செய்து சோதித்தால் சிறு குறைவுகூடப் புலப்படும் என்று கண்டனர். அளவு திருத்தமுற்ற பின் வழி தெளிந்தது. 1939-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் விடியற்காலையில், இரவு முழுதும் விழித்திருந்த ஹரால்டு காம்ப்பெல், நுண்ணோக்கியின் கண்ணாடித் தகட்டில் அந்நஞ்சின் தூய படிகங்களைக் கண்டார். முதலில் கிடைத்தது சில மில்லிகிராமே. மார்க் ஸ்டாமன் என்னும் மாணவர் பெருமளவில் வைக்கோலைச் சாறெடுத்து, நான்கு மாதம் உழைத்து 1.8 கிராம் சேர்த்தார். ஒரு தேக்கரண்டியும் நிறையாத அளவு.

சார்ல்ஸ் ஹ்யூப்னர் அதன் இரசாயன அமைப்பை ஆராய்ந்து, அதே பொருளைச் செயற்கையாகவும் செய்தார். இயற்கைப் பொருளும் செயற்கைப் பொருளும் ஒன்றே என்பது 1940-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் உறுதியாயிற்று. டைகுமரால் என்று பெயரிட்டனர். பூஞ்சணமானது வைக்கோலின் நறுமணப் பொருளாகிய கூமரினைச் சற்றே மாற்றி, அதன் இரு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அந்த இரட்டையே மாட்டைக் கொன்றது. ஷோஃபெலும் காம்ப்பெலும் ஸ்டாமனும் ஹ்யூப்னரும் என்ன என்ன செய்தனர் என்பதை, 1959-இல் வெளியான தம் கட்டுரையில் லிங்க் பெயர் பெயராகச் சொல்லியிருக்கிறார்.

இனி, அப்பொருள் இரத்தத்தை என்ன செய்கிறது என்று பார்ப்போம். காயம் பட்டவுடன் இரத்தத்திலுள்ள சில புரதங்கள் ஒன்றையொன்று தட்டியெழுப்பி, முடிவில் புரோத்ராம்பினைத் த்ராம்பின் ஆக்குகின்றன. த்ராம்பின் இரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்னும் பொருளை ஃபைப்ரின் நூல்களாக மாற்றுகிறது. இந்நூல்கள் வலைபோற் பின்னிக்கொள்ள, அவ்வலையில் இரத்த அணுக்கள் சிக்கிக் கட்டியாகின்றது. பதின்மூன்றாம் காரணி என்று எண்ணிடப்பட்ட இன்னொரு புரதம் நூல்களைக் குறுக்கே முடிச்சிட்டு இறுக்குகிறது. அதை எழுப்புவதும் த்ராம்பினே. இங்குள்ள கயிற்றுக் கட்டிலை எண்ணிக்கொள்ளுங்கள். கயிறு நெருக்கமாகப் பின்னி முடிச்சும் இறுகியிருந்தால் கட்டில் பளுவைத் தாங்கும். த்ராம்பின் நிறைந்திருக்குமாயின் நூல்கள் மெல்லியனவாக, நெருங்கிய பின்னலாக, வலுவாக அமைகின்றன. த்ராம்பின் குறைந்தால் உறைவதற்கும் காலதாமதமாகிறது. உறைந்த கட்டியும் பருத்த நூல்களும் பெரிய கண்களும் உடைய தளர்ந்த பின்னலாகி, உடல் தானே சுரக்கும் கரைப்பான்களுக்கு எளிதில் இரையாகிறது. உறைதலைத் தடுக்கும் மருந்து கட்டியின் தோற்றத்தை மட்டுமன்றி அதன் வலிமையையும் குறைக்கிறது என்பது இதனாற் புலனாகும். முன்பே உறைந்துபோன கட்டியை இம்மருந்து கரைப்பதில்லை. அது மேலும் வளராமற் காக்கிறது. கரைக்கும் பொறுப்பு உடலினுடையது.

மாட்டைக் கொல்லும் இக்குணமே மனிதனுக்கு மருந்தாகலாம் என்பது உடனே எண்ணத்தில் எழுந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுக்கையில் கிடப்போரின் கால் நாளங்களில் இரத்தம் கட்டி, அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிர் போக்குவது அந்நாளில் மருத்துவர்களின் பெருங்கவலை. ஹெபாரின் உடனடியாக வேலை செய்யுமாயினும் ஊசி மூலமே செலுத்தவேண்டும், விலையும் மிகுதி. டைகுமராலோ வாய்வழியே கொடுக்கத்தக்கது. மாடிஸன் மருத்துவமனையிலும் புகழ்பெற்ற மேயோ மருத்துவ நிலையத்திலும் 1940-ஐ ஒட்டி நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தனர். பயன் கண்டனர். அளவு தப்பியபோது இரத்தக் கசிவும் கண்டனர்.

இங்கே கீரையின் கதை குறுக்கிடுகிறது. டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் கோழிக்குஞ்சுகளுக்குக் கொழுப்பற்ற உணவு கொடுத்தபோது அவை இரத்தம் கசிந்து இறப்பதைக் கண்டு, பச்சிலைகளில் உள்ள ஒரு பொருள் அதைத் தடுக்கிறது என்று 1935-இல் அறிவித்து, வைட்டமின் கே என்று பெயரிட்டார். டைகுமராலின் விளைவை வைட்டமின் கே முறிக்கும் என்று லிங்க்கின் ஆய்வுக்கூடம் பிராணிகளில் காட்டியது. மருத்துவர் பலர் முதலில் இதை ஏற்கவில்லை. போதிய அளவு கொடாமலே பயனில்லை என்று முடிவு கட்டியவரும் உண்டு. லிங்க் விடவில்லை, வாதாடினார். தாம் செய்த நஞ்சுக்கு மாற்று மருந்து உண்டு என்பதை உலகம் ஏற்றாலன்றி, அதை நம்பி மருந்தாகக் கொடுக்க எந்த மருத்துவரும் துணியமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். முடிவில் அவர் கூற்றே நிலைபெற்றது. டைகுமரால் சிதைந்தால் அதினின்று ஆஸ்பிரினின் உறவான சாலிஸிலிக் அமிலம் பிறக்கும் என்பதைக் கொண்டு, அவ்வமிலமும் புரோத்ராம்பினைக் குறைக்கக்கூடும் என்று 1943-இல் எலிகளில் காட்டியவரும் அவரே. இம்மாத்திரை உண்போர் தலைவலிக்கென்று தாமாகவே ஆஸ்பிரின் வாங்கி விழுங்கலாகாது என்று மருத்துவர் இன்று எச்சரிப்பதற்கு வேறு காரணங்களும் பின்னர்ச் சேர்ந்தன. எச்சரிக்கையின் தொடக்கம் மாடிஸனில்.

1945-இல் லிங்க் குடும்பத்தினருடன் படகுப் பயணம் சென்றபோது மழையில் நனைந்தார். பழைய காசநோய் மீண்டும் தலைதூக்கிற்று. மருத்துவமனையிலும் சானடோரியத்திலும் எட்டுத் திங்கள் வரை படுக்கையில் கிடக்க நேர்ந்தது. படுத்த படுக்கையில் அவர் படித்தது எலிகளை ஒழிக்கும் கலையின் வரலாறு. வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் அவர் கணக்கு நேரானது. எலி தந்திரமான பிராணி. புதிய தீனியைத் தின்றவுடன் ஒன்று துடித்துச் செத்தால் மற்றவை அதைத் தொடுவதில்லை. சில நாட்கள் தின்ற பிறகு, நோவின்றி மெல்லச் சாகடிக்கும் நஞ்சாயின் அவை ஐயுறா. டைகுமராலின் தாமதம் இங்கே குணமாகிறது. ஆயினும் எலிக்கு அது போதிய கடுமையுடையதன்று. தம் மாணவர்கள் முன்பே செய்து வைத்திருந்த 150-க்கு மேற்பட்ட உறவுப் பொருள்களின் பட்டியலைப் படுக்கையிலேயே வரவழைத்து ஆராய்ந்து, 42-ஆம் எண்ணுள்ள பொருளைத் தேர்ந்தார். பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிகளின் காப்புரிமையைப் பேணும் விஸ்கான்ஸின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துக்கள் வார்ஃப் என்று வரும். அதனுடன் கூமரினின் வாலைச் சேர்த்து வார்ஃபரின் என்று பெயரிட்டார். 1948-இல் எலி நஞ்சாக அது விற்பனைக்கு வந்தது, உலகெங்கும் பரவியது. 1958-இல் ஸ்காட்லாந்தில் அதற்கு அஞ்சாத எலிகள் தோன்றின என்பது வேறு கதை.

இந்த எலி நஞ்சே மனிதனுக்கு டைகுமராலினும் நல்ல மருந்து என்று லிங்க் கருதினார். நீரில் கரையும் உப்பாக அதைச் செய்யலாம், விளைவும் சீரானது. ஆனால் எலிக்கு வைக்கும் மருந்தை நோயாளிக்குக் கொடுக்க யார் முன்வருவர்? 1951-இல் அமெரிக்கப் படையிற் சேர்ந்த ஓர் இளைஞர் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணி, சில நாட்கள் தொடர்ந்து எலி நஞ்சை உண்டார். மருத்துவமனையில் இரத்தமேற்றியும் வைட்டமின் கே கொடுத்தும் அவரை முற்றும் குணப்படுத்தினர். அந்நிகழ்ச்சி மருத்துவர்களின் தயக்கத்தைக் குறைத்தது. 1954-இல் வார்ஃபரின் மனிதர்க்குரிய மருந்தாக ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் டென்வர் நகரில் மாரடைப்புற்ற அமெரிக்க ஜனாதிபதி ஐஸன்ஹோவருக்கு அம்மருந்து கொடுக்கப்பட்டது. ஜனாதிபதிக்கே கொடுத்த பின் எலியின் பெயரைச் சொல்லி முகஞ்சுளிப்பவர் குறைந்தனர்.

லிங்க்கின் தோற்றமும் போக்கும் தனிவகையானவை. பெரிய வில்முடிச்சுக் கழுத்துப்பட்டை, சில வேளைகளில் தோளிலிருந்து தொங்கும் நீண்ட மேலாடை, யாருக்கும் அஞ்சாத உரத்த பேச்சு. பொதுவாழ்வில் முற்போக்கு எண்ணமுடையவர். அவர் துணைவியார் சமாதான இயக்கங்களில் ஈடுபட்டவர். செனேட்டர் மக்கார்த்தி தமக்குப் பிடிக்காதோரையெல்லாம் தேசத்துரோகிகள் என்று வேட்டையாடிய நாட்களில், அவர் பிறந்த மாநிலமாகிய விஸ்கான்ஸினிலேயே இருந்துகொண்டு, மற்ற ஆசிரியர்கள் ஒதுங்கிநின்ற மாணவர் குழுக்களுக்கு லிங்க் துணை நின்றார். லாஸ்கர் பரிசு 1955-இலும் 1960-இலும் இருமுறை அவருக்குக் கிடைத்தது. நோபல் பரிசு கிடைக்கவில்லை. வைட்டமின் கே-யைக் கண்டவர்களுக்கு 1943-இல் அளித்த அப்பரிசை, அதன் எதிரியைக் கண்டவருக்கும் அளித்திருக்கலாம் என்று நாம் எண்ணுவதில் தவறில்லை.

1971-இல் ஓய்வு பெற்றார். 1978-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் காலமானார். அவர் கண்ட பொருள் உடலுக்குள் எவ்விதம் வேலை செய்கிறது என்பது, அவர் ஆயுளின் பெரும்பகுதியில் அவருக்கே தெரியாது. 1970-களில்தான் அது விளங்கிற்று. அதில் பெரும்பங்கு கொண்டவர் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் சட்டி. இல்லத்தரசிகள் அறியும் உவமையாற் கூறுவோம். உறைதலுக்கு வேண்டிய நான்கு புரதங்களைக் கல்லீரல் செய்கிறது. அவை கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் நகங்களை அமைக்க வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமின், சமைத்த பாத்திரத்தைப்போல் அழுக்காகிவிடும். அதைத் தேய்த்துக் கழுவி மீண்டும் அடுப்பிலேற்ற ஒரு நொதி இருக்கிறது. வார்ஃபரின் அந்தக் கழுவும் கையைப் பிடித்துக்கொள்கிறது. பாத்திரமின்றிச் சமையல் குறைகிறது. நகமற்ற புரதங்களே வெளிவருகின்றன. முன்பே சமைத்து வைத்தவை தீரும்வரை விளைவு தெரியாது. முழு விளைவுக்குச் சில நாட்கள் பிடிப்பது இதனாலேயே. கீரை என்பது கடையிலிருந்து புதிதாக வந்திறங்கும் பாத்திரங்கள். பனிக்காலத்தில் வண்டி வண்டியாகக் கீரை வந்தால் மாத்திரை தோற்கும். இரத்தம் மறுபடி எளிதில் உறையும். கோடையில் கீரையை அடியோடு விட்டுவிட்டால் அதே மாத்திரை மிஞ்சிவிடும்; ஈறிலும் மூக்கிலும் இரத்தம் கசியலாம். ஆகவே கீரை கூடாதென்பதில்லை. வாரத்திற்கு வாரம் ஏறத்தாழ ஒரே அளவாக இருத்தல் வேண்டும் என்பதே மருத்துவர் கூறுவது. மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அவருடைய பொறுப்பே, நம்முடையதன்று.

மாதந்தோறும் குறிப்பேட்டில் எழுதும் எண்ணும் லிங்க்கின் முயல்களின் வழிவந்ததே. ஆர்மண்ட் குவிக் 1935-இல் வகுத்த சோதனை அதன் அடிப்படை. ஊருக்கு ஊர் சோதனைப் பொருள் வேறுபட்டு, ஒரே இரத்தத்திற்கு வெவ்வேறு விடைகள் வந்தமையால், உலகச் சுகாதார நிறுவனம் 1983-இல் எல்லாருக்கும் பொதுவான ஒரு விகிதத்தை ஏற்படுத்தியது. ஐ.என்.ஆர். என்று நாம் சொல்வது அதுவே. பெரும்பாலோர்க்கு 2-க்கும் 3-க்கும் இடையே அது நிற்கவேண்டும். உலோக வால்வு பொருத்திய சிலர்க்குச் சற்று மேலே. அதற்குக் கீழே சென்றால் கட்டி. மிக மேலே சென்றால் கசிவு.

நமது நாட்டில் மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு கெட்ட இருதயங்கள் பல. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் நம்மவர்களே செய்த வால்வு 1990-ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அந்த வால்வைப் பொருத்திக்கொண்டவர்களும் வார்ஃபரினையோ அதன் உடன்பிறப்பான அசினோகூமராலையோ வாழ்நாள் முழுதும் உண்டாகவேண்டும். மாதாமாதம் இரத்தம் பார்க்கத் தேவையில்லாத புதிய மாத்திரைகள் 2010-ஐ ஒட்டி வந்தன. வேறு பல நோயாளிகளுக்கு அவை நல்ல மாற்றாயின. ஆனால் உலோக வால்வு உடையோரிடம் அவற்றுள் ஒன்றைச் சோதித்தபோது, கட்டியும் கசிவும் மிகுந்தமையால் சோதனையையே நிறுத்த நேர்ந்தது. மூட்டுவாத இருதய நோயுடன் நாடித்துடிப்புத் தடுமாறும் நோயாளிகளிடம், இந்தியாவும் பங்குகொண்ட பெரிய ஆய்வொன்று 2022-இல் முடிவுற்றது. அதிலும் பழைய மாத்திரை உண்டவர்களே அதிகம் பிழைத்திருந்தனர்.

ஆதலால் நமது குடியிருப்பின் அந்த இல்லங்களில் இப்பனிக்காலத்திலும் மாலையில் மாத்திரை உண்டு, மாதத்தில் ஒருநாள் இரத்தம் கொடுத்து, எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். பாலக் மசியலும் இலையில் விழும். சென்ற வாரம் விழுந்த அளவு.